ஒரு குதிரை, மூன்று சாவி: வட இத்தாலியில் ஆறு நாள்

முதல் நாள், பதுவா

மகள் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளைப் பார்க்க வருவது என்று முடிவானதுமே மனதுக்குள் வேறொரு கணக்கும் போட்டுவிட்டேன். விச்சென்சா, வெனிஸ், பார்மா, மிலான் எல்லாம் இங்கிருந்து ரயிலில் போகிற தூரம்தான். ஐரோப்பிய நாடக மேடை இன்றைய உருவத்தை அடைந்ததில் பெரும் பங்கு இந்த வட்டாரத்துக்கு உண்டு, அதுவும் 1500களிலும் 1600களிலும். எங்கள் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, மதுரைப் பக்கம் ஒரு நாடகக் கம்பெனியில் சீன் இழுத்தவர். 14 வயதில் சேர்ந்தார். மணி அடித்ததும் காடு மேலே போக வேண்டும், தர்பார் கீழே இறங்க வேண்டும். அதுதான் வேலை. அந்தப் படுதாக்களின் பூர்விகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

பதுவாவுக்கு வருகிற எல்லோரும் புனித அந்தோணியார் கோயிலுக்குப் போவார்கள். நாங்களும் போனோம். அப்புறம் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கிற ஒரு பழைய வீட்டு முற்றத்துக்குப் போனோம். 1524இல் அல்வீசே கொர்னாரோ என்ற செல்வந்தர் தன் முற்றத்தில் ஐந்து வளைவுகள் கொண்ட கல் முகப்பு ஒன்றை எழுப்பினார். கட்டிக் கொடுத்தவர் ஃபால்கொனெத்தோ. முகப்புதான் பின்னணி, முற்றம்தான் அரங்கம். கொர்னாரோவின் ஆதரவில் இங்கே நடித்தவர் ஆஞ்செலோ பெயோல்கோ. ருசாந்தே என்ற குடியானவனைத் தானே எழுதித் தானே நடித்து, கடைசியில் அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டார். மற்றவர்கள் லத்தீன் நாடகங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இவர் பதுவாக் கிராமத்துப் பேச்சில் எழுதினார். கொள்ளைப் பொருளோடு திரும்பலாம் என்று போருக்குப் போன குடியானவன் கந்தலோடு திரும்பி வருகிறான். மனைவி இன்னொருவனோடு போய்விட்டாள். சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார், ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையில் அடைக்கும்.

ருசாந்தே 1542இல் இறந்தார். மூன்று வருடம் கழித்து, 1545 பிப்ரவரி 25 அன்று, இதே ஊரில் எட்டு ஆண்கள் ஒரு எழுத்தர் முன்னால் ஒப்பந்தம் எழுதினார்கள். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டுப் பிழைப்பது என்று எழுதிவைத்த கூட்டத்துக்கு, இன்று கையில் கிடைக்கிற மிகப் பழைய சான்று அதுதான். மகள் நூலகத்திலிருந்து அதன் அச்சுப் பிரதியை எடுத்து வைத்திருந்தாள். காப்பிக் கடையில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னாள்.

தங்களை அவர்கள் ‘சகோதரக் கம்பெனி’ என்கிறார்கள். மாஃபியோ என்பவர் தலைவர். வருகிற காசு ஒரு பெட்டியில் போகும். பெட்டிக்கு மூன்று சாவி, மூன்று பேரிடம். மூவரும் இருந்தால்தான் திறக்கும். சாமான்களை ஊருக்கு ஊர் தூக்கிப்போகப் பொதுப்பணத்தில் ஒரு குதிரை வாங்க வேண்டும். தங்களுக்குள் சீட்டாடக் கூடாது, தின்பண்டத்துக்காக ஆடினால் பரவாயில்லை. யாராவது நோயில் விழுந்தால் பொதுப்பெட்டியிலிருந்து அவனைப் பராமரிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியில் நிறுத்தச் சொன்னேன். தாத்தாவுக்கு 19 வயதில் கப்பிக் கயிறு அறுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. கம்பெனி அன்று இரவே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. முதலாளி ஒன்றும் தரவில்லை. பபூன் வேஷக்காரரும் ஆர்மோனியக்காரரும் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த பணத்தில்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

“இன்னொரு தடவை வாசி பாப்பா” என்றேன். வாசித்தாள்.

இரண்டாம் நாள், விச்சென்சா

இன்று பார்த்ததை எழுதக் கை பதறுகிறது.

தியாத்ரோ ஒலிம்பிக்கோவுக்கு வெளியே நின்றால் ஒன்றுமே தெரியாது. பழைய கோட்டைச் சுவர், ஒரு தோட்டம், கொஞ்சம் உடைந்த சிலைகள். சிறையாகவும் வெடிமருந்துக் கிடங்காகவும் இருந்த இடம். உள்ளே இரண்டு மூன்று அறைகளைத் தாண்டி ஒரு கதவு வழியாக நுழைந்தால், மரப்படிகள் அரை முட்டை வடிவத்தில் வளைந்து ஏறுகின்றன. எதிரே மூன்று அடுக்குச் சுவர், மாடம் மாடமாகச் சிலைகள். தலைக்கு மேல் வரைந்த வானம். கல் என்றே நினைத்தேன். கிட்டத்தட்ட எல்லாமே மரமும் செங்கல்லும் சாந்தும்தான்.

இந்த ஊர்ப் படிப்பாளிகளும் பிரபுக்களும் கலைஞர்களும் 1555இல் ஒலிம்பிக் கழகம் என்று ஒரு சபை தொடங்கினார்கள். பழைய ரோமானியர்களைப் போலத் தங்களுக்கும் ஓர் அரங்கம் வேண்டும் என்று, சபையில் உறுப்பினராக இருந்த கட்டடக் கலைஞர் பல்லாடியோவையே வரையச் சொன்னார்கள். 1580 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. ஆகஸ்டில் பல்லாடியோ இறந்துவிட்டார். மகன் சில்லா தொடர்ந்தார், பிறகு ஸ்கமோட்ஸி என்ற கட்டடக் கலைஞர் வந்தார். மாடங்களில் நிற்கிற சிலைகள் தேவர்கள் இல்லை. சபை உறுப்பினர்கள்தான் ரோமானிய உடையில் நிற்கிறார்கள். நன்கொடையாளர் பெயரை டியூப்லைட்டில் எழுதுகிற பழக்கம் உள்ள ஊர்க்காரன் நான், அதனால் அவர்களின் ஆசை எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஆனால் பார்க்க வேண்டியது சுவரை அல்ல, சுவரில் இருக்கிற வாசல்களை. முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு. அவற்றுக்குப் பின்னால் ஏழு தெருக்கள். நடு வாசலுக்குள் மூன்று, மற்றவற்றில் ஒவ்வொன்று. ஸ்கமோட்ஸி மரத்திலும் சாந்திலும் செய்தவை. தெருத்தரை போகப் போக உயர்கிறது, வீடுகள் சிறுக்கின்றன, இரண்டு வரிசையும் நெருங்குகின்றன. சில மீட்டர் ஆழமே உள்ள இடத்தில் ஒரு நகரமே நீண்டு கிடப்பது போல இருக்கிறது. எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு தெரு கண்ணில் படும்படி வைத்திருக்கிறார். நான் ஏழெட்டு இடம் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான்.

“அந்தக் கடைசி வீட்டுப் பக்கத்துல ஒரு ஆள் போய் நின்னா என்னப்பா ஆகும்?” என்றாள் மகள்.

கூரை அவன் இடுப்புக்கு வரும். ஆகவே நடிகன் தெருவுக்குள் ஆழமாகப் போக முடியாது, வாசலுக்கு முன்னாலேயேதான் நடிக்க வேண்டும்.

1585 மார்ச் 3 அன்று திறந்தார்கள். சோபக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’, இத்தாலிய மொழியில். கோரஸ் பாடல்களுக்கு இசை ஆந்திரேயா கப்ரியேலி. தெருக்களுக்குள் மறைத்து வைத்த எண்ணெய் விளக்குகள். கண்ணைக் குத்திக்கொண்ட ஈடிபஸாக மேடைக்கு வந்தவர் லூயிஜி குரோத்தோ, பிறந்த சில நாட்களிலேயே பார்வை போன கவிஞர். அந்த நடு வாசலைப் பார்த்துக்கொண்டே அதை நினைத்தேன். உலகத்திலேயே கண்ணுக்கு இப்படி விருந்து வைத்த மேடையில், அதைப் பார்க்கவே முடியாத ஒரு மனிதர், தடவித் தடவி வருகிறார். அதே வருட டிசம்பரில் அவர் காலமானார்.

அந்த ஏழு தெருவும் ஈடிபஸ் ஆண்ட தேபஸ் நகரம். அந்த ஒரு நாடகத்துக்காகச் செய்தவை, அப்படியே நின்றுவிட்டன. 440 வருடம் எண்ணெய் விளக்குக்கும் போருக்கும் தப்பி நிற்பதை நேரில் பார்க்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் சீன் இழுத்தவரின் பேரனுக்கு ஒரு குறை உறுத்துகிறது. இங்கே காட்சி மாறாது. யார் எந்த நாடகம் போட்டாலும் கதை தேபஸில்தான் நடக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த ஊரில் 1539இலேயே ஒரு மாளிகை முற்றத்தில் செர்லியோ என்பவர் தற்காலிக மர அரங்கம் ஒன்று கட்டினார். பிறகு அவர் வெளியிட்ட கட்டடக் கலைப் புத்தகத்தில் மேடைக்கு மூன்று காட்சிகள் போதும் என்று படம் போட்டுக் காட்டினார். சோக நாடகத்துக்கு அரண்மனைகள், நகைச்சுவைக்கு ஊர்த்தெரு, வனதேவதைகள் வருகிற நாடகத்துக்குக் காடு. மகள் போனில் அந்தப் படங்களைக் காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன்! தாத்தா சொன்ன அதே மூன்று. இத்தாலியிலிருந்து லண்டனுக்கும், ஆங்கிலேயரோடு பம்பாய்க்கும், பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாக நம் பக்கத்துக்கும் இந்த வழக்கம் நடந்தே வந்திருக்கிறது. அந்தப் புத்தகம் பாரிஸில் அச்சான வருடம் 1545. பதுவாவில் எட்டுப் பேர் குதிரை வாங்க ஒப்பந்தம் எழுதிய அதே வருடம்.

மூன்றாம் நாள், வெனிஸ்

கூட்டம் தாங்கவில்லை. நாங்கள் தேடிப் போன இடத்தில் மட்டும் யாருமே இல்லை. சான் கசியானோ திருச்சபைக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரம், மதிலுக்குப் பின்னால் மரங்கள். 1637இல் இங்கே இருந்த அரங்கத்தில்தான் முதல்முறையாகச் சீட்டு வாங்கிய யாரும் உள்ளே போய் ஓப்பரா பார்க்க முடிந்தது. அதுவரை ஓப்பரா என்றால் பெரும்பாலும் அரண்மனை விழாக்களுக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும். 1812இல் இடித்துவிட்டார்கள். மதில் ஓரம் கொஞ்ச நேரம் நின்றோம். கோபம் வந்தது. பிரபுக்கள் கட்டியதெல்லாம் அங்கங்கே நிற்கிறது, காசு கொடுத்து மக்கள் வந்த இடத்தில் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை.

சீட்டு விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்றதும் அரங்குகளுக்குள் போட்டி வந்தது. போட்டி வந்ததும் காட்சி மாற வேண்டியதாயிற்று. 1641இல் இங்கே திறந்த தியாத்ரோ நோவிஸிமோவில் ஜாக்கமோ தோரெல்லி என்ற பொறியாளர் ஒரு வேலை செய்தார். மேடைத்தரையில் வரிசையாகப் பிளவுகள். பக்கத் தட்டிகளைத் தாங்கும் கம்பங்கள் அந்தப் பிளவு வழியாக அடியில் இறங்கி, சக்கர வண்டிகளில் நிற்கும். எல்லா வண்டியின் கயிறும் நடுவில் ஒரே உருளையில் சுற்றியிருக்கும். எடைக்கல்லைக் கட்டிவைத்த பூட்டை விடுவித்தால் கல் இறங்கும், உருளை சுழலும், ஒரு ஜோடித் தட்டிகள் உள்ளே போக, இன்னொரு ஜோடி வெளியே வரும். மொத்த மேடையும் ஒரே மூச்சில் கடற்கரையிலிருந்து அரண்மனையாகிவிடும். அந்தப் பூட்டை விடுவிக்க 15 வயதுப் பையன் ஒருவனே போதும் என்று அந்தக் காலத்தவரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

15 வயது. தாத்தா சேர்ந்தபோது அவருக்கு ஒரு வயது குறைவு.

மாலை கார்லோ கோல்டோனி 1707இல் பிறந்த வீட்டுக்குப் போனோம், இப்போது அருங்காட்சியகம். கீழே அழகான முற்றம், மேலே ஒரு பழைய பொம்மலாட்ட மேடை. கோல்டோனி எனக்கு மிகவும் பிடித்த மனிதர். அவர் எழுத வந்தபோது பதுவா எட்டுப் பேரின் வாரிசுகள் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தார்கள். எழுதிய வசனம் கிடையாது. கதைச் சுருக்கத்தை மேடைக்குப் பின்னால் மாட்டியிருப்பார்கள், பார்த்துவிட்டுப் போய்ச் சொந்தமாகப் பேசுவார்கள். வெனிஸ் வியாபாரி பந்தலோனே, பொலோனியாவின் படித்த டாக்டர், பிழைக்க வந்த பெர்கமோ வேலைக்காரன் என்று முகமூடியைப் பார்த்ததும் ஆள் தெரியும். ஒவ்வொரு நடிகரும் வாழ்நாள் முழுக்க ஒரே பாத்திரம். நம் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே இல்லாமல் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையில் வந்து நேராகச் சந்திப்பார்களே, அந்தத் தொழில் ரகசியம்தான். பபூன் என்ற சொல்கூட இங்கிருந்து வந்ததுதான். இத்தாலியின் ‘புஃபோனே’ பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக மதுரைக்கு வந்து சேர்ந்தது.

அவர்களோடு பெண்களும் மேடையேறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் 1660 வரை பையன்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள். இங்கேயோ 1562இல் பதுவாவில் பிறந்த இசபெல்லா அந்த்ரெய்னி நடிகை, கவிஞர், நாடகாசிரியர். ஜெலோசி குழுவோடு பிரான்ஸ் வரை போய்ப் பெயர் வாங்கினார். ஊர் திரும்பும் வழியில் 1604இல் லியோன் நகரில், கரு கலைந்து இறந்தார். கணவர் ஃபிரான்செஸ்கோ அதோடு குழுவையே கலைத்துவிட்டார்.

கோல்டோனி என்ன செய்தார் என்றால், மெல்ல மெல்ல முகமூடியைக் கழற்றி, முழு வசனத்தையும் எழுதிக் கையில் கொடுத்தார். 1750இல் ஒரே வருடத்தில் 16 நாடகம் தருவேன் என்று சொல்லி எழுதியும் கொடுத்தார். பழைய பாணியை அழிக்கிறார் என்று கார்லோ கோத்ஸி கடுமையாக எதிர்த்தார். 1762இல் கோல்டோனி பாரிஸ் போனவர் திரும்பவே இல்லை. அரசரிடமிருந்து வந்த ஓய்வூதியம் புரட்சியில் நின்றுபோய், 1793 பிப்ரவரி 6 அன்று வறுமையில் இறந்தார். மறுநாள்தான் அந்தப் பணத்தைத் திரும்பக் கொடுப்பது என்று புரட்சிச் சபை தீர்மானித்தது. மனைவிக்காவது போய்ச் சேர்ந்தது.

நான்காம் நாள், பார்மா

பழைய ஆயுதசாலை மண்டபத்துக்குள் ஓர் அரங்கம். 87 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம். உள்ளே நுழைந்ததும் மர வாசனை.

பார்மாவின் கோமகன் ரனூச்சோ ஃபர்னேசே, ஃப்ளாரன்ஸ் ஆட்சியாளர் இரண்டாம் கோசிமோ தன் ஊர் வழியாகப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டு, 1617, 1618இல் அவசர அவசரமாக இதைக் கட்டச் சொன்னார். கட்டியவர் அலெயோத்தி. கோசிமோ வரவே இல்லை. பத்து வருடம் பூட்டியே கிடந்து, இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் கல்யாணத்துக்காக 1628 டிசம்பர் 21 அன்று திறந்தார்கள். மான்டவெர்டியின் இசை. கடைசியில் நடுக்கூடத்தில் தண்ணீரை நிரப்பிக் கடற்போர் காட்டினார்கள். சுமார் 3,000 பேர் உட்காரக்கூடிய இடத்தில், விரல்விட்டு எண்ணுகிற அளவு நிகழ்ச்சிகள்தான் நடந்தன. 1732க்குப் பிறகு நெடுங்காலம் அதுவும் இல்லை.

இங்கேதான் அந்தப் பெரிய சட்டம் நிற்கிறது. மேடையைப் படம் போல அடைத்துக் காட்டும் முன் வளைவு. அதற்குப் பின்னால் தட்டிகளைத் தள்ளிக் காட்சி மாற்றும் முறை. நேற்று எழுதிய தோரெல்லிக்கு இருபது வருடம் முன்பே அலெயோத்தி அதை இங்கே தொடங்கிவிட்டார். நம் ஊர்ப் பள்ளி ஆண்டு விழா மேடை வரைக்கும் வந்து சேர்ந்த சட்டம் இது. மேடைக்குப் போகும் வழியில் நின்று, இந்தப் பக்கமிருந்து பார்வையாளர் பகுதியைப் பார்த்தேன். தாத்தா வாழ்நாள் முழுக்கப் பார்த்தது இந்தக் கோணத்தில்தான்.

நான் தொட்டுப் பார்த்த மரம் மட்டும் பழையதில்லை. 1944 மே 13 அன்று நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அரங்கம் பெரும்பாலும் நொறுங்கிவிட்டது. போருக்குப் பிறகு, கிடைத்த வரைபடங்களையும் மிஞ்சிய துண்டுகளையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். முன்பு பளிங்கு போல வண்ணம் பூசி, சாந்துச் சிலைகளால் நிரப்பியிருந்த இடம். புதிதாகச் செய்த பகுதிகளுக்கு வண்ணம் பூசாமல் மரத்தை மரமாகவே விட்டிருக்கிறார்கள். எது மிஞ்சியது, எது திரும்பச் செய்தது என்று பார்த்ததும் தெரிகிறது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள், சப்பியொனேட்டா

பார்மாவிலிருந்து ஒரு பேருந்தைத் தவறவிட்டு, அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருந்ததில் பாதி நாள் போயிற்று. அதனால் சுருக்கமாக.

மதில் சூழ்ந்த சின்ன ஊர். வெஸ்பசியானோ கொன்சாகா என்ற கோமகன் தனக்கென்று புதிதாக ஒரு ரோம் கட்ட நினைத்தார். விச்சென்சா வேலையை முடித்த ஸ்கமோட்ஸியையே அழைத்து 1588இல் அரங்கம் தொடங்கி 1590இல் முடித்தார். வேறொரு கட்டடத்துக்குள் நுழைக்காமல், நாடகத்துக்கென்றே தனியாக எழுப்பிய அரங்கம். இந்தக் காலத்தில் அப்படி எழுந்தவற்றில் இன்றும் நிற்கிற மிகப் பழையது இதுதான். உள்ளே சுவரெல்லாம் ஓவியம். மாடத்தில் சாய்ந்துகொண்டு கீழே வேடிக்கை பார்க்கிற ஆண்கள், பெண்கள். யாரும் வராத நாளிலும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோமகன் 1591இல் இறந்தார். ஸ்கமோட்ஸியின் தெரு அழிந்துவிட்டது, இப்போது மேடையில் இருப்பது 1990களில் திரும்பச் செய்தது.

நாங்கள் இருந்த அரை மணி நேரமும் அரங்கத்தில் நாங்கள் இருவர் மட்டும். மகள் மேடைக்கு முன்னால் நின்று பாரதியார் பாட்டு நாலு வரி பாடினாள். குரல் சுற்றி வந்து என் காதருகே நின்றது.

ஆறாம் நாள், மிலான்

இரவு விமானம். பெட்டிகளை ரயில் நிலையத்தில் வைத்துவிட்டு ரொவெல்லோ தெருவுக்கு நடந்தோம். பிக்கோலோ தியாத்ரோ, அதாவது சின்ன அரங்கம். பழைய மாளிகை, தூண்கள் சூழ்ந்த முற்றம், காப்பி குடிக்க நாற்காலிகள். போரின் கடைசி வருடங்களில் இது பாசிசப் படை ஒன்றின் பாசறை. பிடித்து வந்தவர்களை இங்கே வைத்துத்தான் சித்திரவதை செய்தார்கள்.

அந்த இடத்தைக் கேட்டு வாங்கி, 1947 மே 14 அன்று அரங்கமாகத் திறந்தார்கள் பாவ்லோ கிராஸி, ஜார்ஜோ ஸ்ட்ரேலர், நீனா வின்கி மூவரும். ஸ்ட்ரேலருக்கு அப்போது 25 வயது. முதல் நாடகம் மாக்ஸிம் கார்க்கியுடையது. ‘எல்லோருக்குமான கலை அரங்கம்’ என்று அறிவித்தார்கள். நகராட்சிப் பணத்தில் நடக்கும் அரங்கம், தொழிலாளியும் வரக்கூடிய கட்டணம். அதே வருட ஜூலையில் கோல்டோனியின் ‘இரு எஜமானர்களின் வேலைக்காரன்’ மேடையேறியது. இரண்டு எஜமானர்களுக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாமல் ஒரே நேரத்தில் சாப்பாடு பரிமாற ஓடுகிற பசித்த வேலைக்காரன் கதை. போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பசி என்றால் என்ன என்று பார்க்க வந்தவர்களுக்கும் தெரியும்.

அந்த வேலைக்காரன் அர்லெக்கினோவாக நடித்தவர் மார்செல்லோ மொரெட்டி. தொடக்கத்தில் முகமூடி ஒத்துவராமல் முகத்தில் கறுப்பு மை பூசி நடித்தார். தோல் முகமூடி செய்யும் பழைய வித்தை மறைந்துபோயிருந்தது. அம்லேத்தோ சர்த்தோரி என்ற சிற்பி, மரத்தில் முகத்தைச் செதுக்கி, அதன் மேல் ஈரத்தோலை வைத்துத் தட்டித் தட்டி, அந்த வித்தையை மீட்டெடுத்தார். அதன் பிறகு மொரெட்டி முகமூடியோடு நடித்தார். 1961இல் அவர் இறந்ததும் ஃபெருச்சோ சொலேரி அந்த வேஷத்தை ஏற்று, 80 வயதைத் தாண்டியும் ஆடினார். சர்த்தோரியின் ஊர் எது தெரியுமா? பதுவா.

முற்றத்தில் உட்கார்ந்தபடி அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒப்பந்தத்தின் நோயாளி வரியை மகள் ரயிலில் தமிழில் எழுதித் தந்திருந்தாள். அதைப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அவங்க பேரெல்லாம் இருக்காப்பா அதுல?”

“எட்டுப் பேர் பேரும் இருக்கும்மா.”

“வாசி.”

மாஃபியோ. வெனிஸ்காரர் வின்சென்சியோ. லைரா வாசிக்கும் ஃபிரான்செஸ்கோ. ஹியரோனிமோ. சுவான்தொமெனெகோ. த்ரெவிசோக்காரர் சுவானே. தொஃபானோ. ஃபிரான்செஸ்கோ மொஸ்கினி.